வேலிக்கு முன்னால் எல்லைக்கல்லைத் தேடுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஸ்டாங்கர் ஊர்ப் பக்கம், எங்கள் கரும்புத் தோட்டத்தை ஒட்டி 6 ஹெக்டேர் காட்டு நிலம் சும்மா கிடக்கிறது. மாடு விடுவதற்காகச் சுற்றிலும் கம்பி வேலி போடப் போகிறேன். புல்டோசர் வைத்து மொத்தமாகத் தள்ளிவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. வேலிக்குத் தேவை ஒரு பக்கி (சின்னச் சரக்கு வண்டி) போகிற அகலம்தான். முதலில் நில அளவைக் கற்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கல்லுக்குக் கல் கயிறு கட்டிப் பாருங்கள். புல்டோசர் கல்லைப் பெயர்த்துவிட்டால் அப்புறம் பக்கத்துக்காரரோடு வழக்குதான்.

கயிற்றின் வழியில் என்னென்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். இயற்கைக் காடாக இருந்தால், 1998ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அங்குள்ள நாட்டு மரத்தில் கை வைக்க முடியாது. மில்க்வுட், மருலா இரண்டும் தனியாக நின்றாலும் பாதுகாக்கப்பட்டவை. அப்படி ஒன்று குறுக்கே வந்தால் வேலியை உங்கள் பக்கமாக வளைத்துக்கொண்டு போங்கள். கம்பியை மட்டும் மரத்தில் அடிக்காதீர்கள். காற்றில் மரம் ஆடினால் கம்பி தளர்ந்துவிடும்.

உங்களுக்கு உண்மையான தொல்லை வாட்டில் மரம்தான். நீலகிரியில் சீகை என்பார்களே, அதன் இனம். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறினாலும் தீ வைத்தாலும் நாற்றங்கால் போல முளைத்து வரும். புல்டோசர் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம். தரையோடு அறுத்து, வெட்டுவாய் காய்வதற்குள் டிரைகுளோபைர் என்ற களைக்கொல்லி மருந்தைப் பூசுங்கள். சாயம் கலந்துகொண்டால் எந்தக் கட்டை விட்டுப்போனது என்று தெரியும். கம்பம் நடும் இடத்தில் மட்டும் வேரோடு தோண்டுங்கள். சரிவில் வேர் அப்படியே இருக்கட்டும், மழை மண்ணை அரிக்காது. உண்ணிச்செடியை மிச்சம் வைக்காதீர்கள், தின்றால் மாட்டுக்கு விஷம்.

வெட்டிய வாட்டிலையே கம்பமாக நடலாம் என்று தோன்றும். பச்சை மரம் சீக்கிரம் மக்கிவிடும். மரம் மக்காமல் காக்கும் கிரியோசோட் எண்ணெய் ஊட்டிய யூகலிப்டஸ் கம்பமே வாங்குங்கள்.

வேலையை ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள், நமக்கு அது குளிர்காலம், பாம்பு நடமாட்டம் குறைவு. ஆனால் அது தீப்பிடிக்கும் காலம். வெட்டிய குப்பையை வேலியோரம் குவிக்காமல் உள்ளே இழுத்துப் போடுங்கள், கொளுத்த வேண்டாம். கரும்புப் பக்கம் பாதையை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினால் அதுவே தீத்தடுப்புக் கோடாகவும் உதவும்.