குடிநீர் விதி மாறினால் குழாயில் என்ன மாறும்?

குடிநீரில் ஈயத்துக்கான எல்லையைப் பாதியாகக் குறைக்கிறார்கள். அப்படியானால் இதுவரை குடித்தது விஷமா?

விஷம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் பழைய எல்லைக்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை மிகச் சிறிய அளவும் பாதிக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது, நடைமுறையில் எட்ட முடிவதைப் பார்த்துக் குறித்த தற்காலிக எல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020ஆம் ஆண்டு குடிநீர் ஆணை தன் எல்லையை 10இலிருந்து 5 ஆக்கி, 2036 ஜனவரி வரை அவகாசம் தந்தது.

அவ்வளவு அவகாசம் எதற்கு? ஈயம் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவதில்லை. வீட்டு இணைப்புக் குழாய், பற்றவைத்த மூட்டுகள், பித்தளை வால்வு ஆகியவற்றிலிருந்து கரைந்து வருகிறது. குழாயைத் தோண்டி எடுத்தால்தான் தீரும். அதுவரை, பாஸ்பேட் சேர்த்துக் குழாயின் உட்புறத்தில் ஒரு படலத்தைக் காப்பாற்றி வைக்கலாம். 2014இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் நீர் ஆதாரத்தை மாற்றியவர்கள் இந்த அரிப்புத் தடுப்பைச் செய்யவில்லை. படலம் சிதைந்து ஈயம் வீடுகளுக்குள் வந்தது. எனவே புதிய விதியில் எண்ணைவிட முக்கியமாகத் தேட வேண்டிய வரி இது: ஆதாரத்தையோ வேதிப்பொருளையோ மாற்றும் முன் அரிப்பு ஆய்வு கட்டாயமா?

வீட்டில் ஈயக் குழாய் இருந்தால், இரவு முழுவதும் தேங்கிய நீரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு குடிக்கப் பிடியுங்கள். சமையலுக்கு வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

ஒரே குழாய், இரண்டு ஆய்வகம், இரண்டு முடிவு. எதை நம்புவது?

முதலில் மாதிரி எடுத்த விதத்தைக் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கும் ஈயப் பரிசோதனைக்கும் முறை நேர் எதிர்.

கிருமிக்கு: குழாய் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றி, முனையை ஆல்கஹாலால் துடைத்து, 2–3 நிமிடம் நீரை ஓடவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்கும். அதைக் கழுவிவிடக் கூடாது. எஞ்சிய குளோரினை அது நடுநிலையாக்காவிட்டால், வழியிலேயே கிருமிகள் செத்து, கெட்ட நீரும் நல்ல நீராகத் தேறிவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஈயத்துக்கு: அமெரிக்க முறையில் குறைந்தது 6 மணி நேரம் நீர் தேங்கியிருக்க வேண்டும். சல்லடையைக் கழற்றாமல், ஓடவிடாமல், முதலில் வரும் 1 லிட்டரையே பிடிக்க வேண்டும். முன்கூட்டியே ஓடவிட்டு எடுத்தால் ஈயம் குறைவாகவே தெரியும். ஐரோப்பாவில் பகலில் ஏதோ ஒரு நேரத்தில் பிடிக்கும் முறையும் உண்டு. ஆகவே, மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லாத விதியில் எல்லை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பயனில்லை.

குளோரின் நாற்றம் தாங்கவில்லை. விதியில் அளவைக் குறைக்கக் கூடாதா?

குறைக்கக் கூடாது. குளோரின் சேர்த்து 30 நிமிடம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின் (வேறெதோடும் சேராத குளோரின்) எஞ்ச வேண்டும் (நீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். 8க்குக் கீழே இருந்தால்), கடைசி வீட்டுக் குழாயிலும் 0.2 இருக்க வேண்டும். கடும் நாற்றம் பல நேரம் அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினால் வருகிறது. குளோரினை அளக்கும் டி.பி.டி. சோதனை மாத்திரைகளில் 1ஆம் எண் தனிக் குளோரினைக் காட்டும்; அதே குப்பியில் 3ஆம் எண்ணைப் போட்டால் மொத்தம் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கோளாறு மூல நீரில் இருக்கலாம். கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்து பக்க விளைவாக உருவாகும் டிரைஹாலோமீத்தேன் என்ற சேர்மங்களைக் குறைக்கவும் முக்கிய வழி இது: குளோரின் சேர்ப்பதற்கு முன்பே கரிமப் பொருளை வடிகட்டுவது.

பரிசோதனையைக் கூட்டாமல் 'நீர்ப் பாதுகாப்புத் திட்டம்' என்று ஏன் புதிதாக எழுதுகிறார்கள்?

மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமிக்கான பரிசோதனை முடிவு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் அந்த நீரைக் குடித்து முடித்திருப்பார்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2004 முதல், நீர்ப்பிடிப்பு தொடங்கிக் குழாய் முனை வரை ஒவ்வொரு கட்டத்திலும் எது தவறலாம், எதைத் தொடர்ந்து கண்காணிப்பது, எல்லை மீறினால் யார் என்ன செய்வது என்று எழுதி வைக்கச் சொல்கிறது. வடிகட்டியிலிருந்து வெளிவரும் நீரின் கலங்கல் சட்டென்று ஏறினால் அந்த நிமிடமே வால்வை மூடலாம். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பல இடங்களில் இத்திட்டம் அலமாரியில் தூங்குகிறது. ஆண்டுதோறும் வெளியாள் தணிக்கை என்று விதியிலேயே எழுதினால்தான் விழிக்கும்.

எங்களுக்கு இணைப்பு இருக்கிறது, ஆனால் நாளுக்கு ஒரு மணி நேரமே நீர் வருகிறது. இதுவும் 'அணுகல்' கணக்கில் வருமா?

உலக அளவீட்டில் முழு மதிப்பெண் பெற மூன்றும் வேண்டும்: வீட்டு வளாகத்துக்குள் நீர், தேவைப்படும்போது நீர், மாசற்ற நீர். நேரம் குறைவது வசதிக் குறைவு மட்டுமல்ல. அழுத்தம் இறங்கியதும் பக்கத்துச் சாக்கடை நீரைக் குழாயின் விரிசல்கள் உறிஞ்சிக்கொள்ளும். விதியில் குறைந்தபட்ச அழுத்தமும் இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள்.

'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று அறிவிக்கிறார்கள். எப்போது மறுபடி நம்பலாம்?

அறிவிப்பில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். கிருமி என்றால், தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம்; 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் 3 நிமிடம். நைட்ரேட் என்றால் கொதிக்க வைக்கவே கூடாது, செறிவு கூடும். அந்த நீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்காதீர்கள். அறிக்கையில் அலகையும் கவனியுங்கள்: நைட்ரேட்டாகக் கணக்கிட்ட 50 மில்லிகிராமும், நைட்ரஜனாகக் கணக்கிட்ட 11.3 மில்லிகிராமும் ஒன்றே.

'இனிக் கொதிக்க வைக்க வேண்டாம்' என்ற ஒற்றை வரி போதாது. எந்தெந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்த மாதிரிகள் தொடர்ந்து தேறின என்பதைக் கேட்டு வாங்குங்கள். பிறகு வீட்டுக் குழாய்களைத் திறந்து தேங்கியதை வெளியேற்றுங்கள், மேல்தொட்டியைக் கழுவுங்கள், வடிகட்டியின் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.