எனக்குப் புற்றுநோய் மரபணு இருக்கிறது. தங்கையிடம் சொல்லாதே என்கிறார் அம்மா. சொல்லலாமா?

சொல்லுங்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அல்ல, இப்போதே.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு மார்பகப் புற்றுநோய். மரபணுப் பரிசோதனையில் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் கோளாறு என்று வந்திருக்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். விஷயம் வெளியே போனால் இடம் அமையாது, தாலி ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் அம்மா.

நான் தண்டையார்பேட்டைக்காரி. இதே பேச்சு எங்கள் குடும்பத்திலும் நடந்தது. பெரியம்மாவுக்கு சினைப்பையில் புற்றுநோய் வந்தபோது டாக்டர் இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு வந்த அதே முடிவுதான் வந்தது. கூடப் பிறந்தவர்களுக்கும் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறார். அந்தச் சமயம் பார்த்து மாமா மகளுக்குத் திருவொற்றியூரில் ஓர் இடம் கூடி வந்திருந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் இருக்கும். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது பேசுவது பொழுது சாய்வதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். பெரியவர்கள் கூடிப் பேசி, வெளியே விட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கூடவே இன்னொரு நினைப்பும் இருந்தது: இது பொம்பளைங்க நோய், மாமா ஆம்பளை, அவர் வழியாக எப்படி வரும்?

மாமா வழியாகத்தான் வந்தது. அவளுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, பால் கட்டியிருக்கிறது என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த கட்டி, புற்றுநோய்க் கட்டியாக இருந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால், "அத்தைக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?" என்று அவள் கேட்டபோது வீட்டில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கே அப்போதுதான் விஷயம் தெரியும்.

உடம்பில் டி.என்.ஏ. சேதமானால் சரிசெய்வதற்கு உதவும் மரபணு இது. அதில் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது போய்ச் சேர 50 சதவீத வாய்ப்பு. கோளாறு உள்ள பெண்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பி.ஆர்.சி.ஏ.1 என்றால் சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் 39 முதல் 58 சதவீதம் வரை. தங்கையிடம் இந்த எண்களை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். முன்கூட்டியே தெரிந்தால் 25 வயது வாக்கிலிருந்தே வருடாவருடம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம், குழந்தைகள் பெற்று முடித்த பின் சினைப்பையை எடுத்துவிடுவது பற்றி டாக்டரோடு பேசலாம். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற வருடங்கள்தான் இதற்கெல்லாம் தேவையான வருடங்கள்.

அம்மா கேட்கலாம்: "உன் ரிப்போர்ட், உன் உடம்பு, அவளுக்கு எதுக்கு?" மற்ற ரத்தப் பரிசோதனைகளுக்கு அது சரி. மரபணு ரிப்போர்ட் அப்படி ஒருவரோடு முடிவதில்லை. உங்கள் ரத்தத்தில் படித்தது பாதி அவளுடையது. இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. தந்தைக்கு ஹண்டிங்டன் நோய், பிள்ளைகளுக்கு வர 50 சதவீத வாய்ப்புள்ள மூளை நோய். மகள் அப்போது கர்ப்பமாக இருந்தார். அவரிடம் சொல்லக் கூடாது என்று தந்தை தடுத்துவிட்டார், டாக்டர்களும் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகு தற்செயலாகத்தான் மகளுக்குத் தெரிந்தது, பிறகு அந்த நோய்க்கான மரபணு அவருக்கும் இருப்பது உறுதியானது. மருத்துவமனை மீது வழக்குப் போட்டார். 2020 தீர்ப்பில் அவர் தோற்றார். ஆனாலும், நோயாளியின் ரகசியத்தையும் உறவினருக்கு வரக்கூடிய ஆபத்தையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை டாக்டர்களுக்கு இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் டாக்டர் உங்களிடம் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார். தங்கைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் நான் முழுமனதோடு ஏற்கிறேன்: தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. "குடும்பத்தில் இப்படி ஒன்று இருக்கிறது, உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று சொல்வதோடு உங்கள் வேலை முடிகிறது. ரத்தம் கொடு என்று கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. சிலருக்கு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் தூக்கம் போய்விடும். யோசிக்க ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். அவளே செய்துகொள்ள வந்தால், உங்களிடம் கண்டுபிடித்த அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். அதனால் உங்கள் ரிப்போர்ட்டின் நகலை அவளிடம் கொடுத்து வையுங்கள். உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இப்போது செய்ய வேண்டாம். 18 வயதுக்கு முன் இதற்காகச் செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லை, வளர்ந்து அவர்களே முடிவு செய்யட்டும்.

வரன் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஜாதகத்தோடு சேர்த்து ரிப்போர்ட்டையும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் வரவே கூடாது. வந்தால் பெண்கள்தான் முதலில் கழித்துக்கட்டப்படுவார்கள். மாப்பிள்ளையின் ரிப்போர்ட்டை யார் கேட்கப்போகிறார்கள்? தரகருக்கோ சம்பந்திக்கோ எதுவும் போக வேண்டியதில்லை. அவள் பரிசோதனை செய்து, இருக்கிறது என்று தெரிந்து, ஒருவரைக் கட்டிக்கொள்ள முடிவும் செய்துவிட்டால், அவரிடம் அவளே உட்கார்ந்து சொல்லட்டும். பிறக்கப்போகும் பிள்ளையில் அவருக்கும் பங்கு இருக்கிறது. அதைக் கேட்டு எழுந்து போகிறவர் கல்யாணத்துக்கு முன்னால் போவதே நல்லது.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. மரபணு நோய் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. ஆனால் அமெரிக்காவில் 2008-ல் வந்ததைப் போல மரபணுப் பாகுபாட்டுக்கு எதிரான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அந்த அமெரிக்கச் சட்டம்கூட ஆயுள் காப்பீட்டைத் தொடுவதில்லை. தங்கைக்குப் பாலிசி இல்லையென்றால் பரிசோதனைக்கு முன்பே அதைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டால் உண்மையையே எழுதட்டும்.

அப்புறம், ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பெரிய கம்பெனியிடம் இருந்தாலே பத்திரம் என்று சொல்ல முடியாது. எச்சிலை வாங்கி மரபணு பார்த்துச் சொல்லும் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் திருடுபோனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டபோது, அத்தனை பேரின் தகவலும் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி வந்தது. ஒப்புதல் படிவத்தில் ஆராய்ச்சிக்குச் சம்மதமா என்று ஒரு வரி இருந்தால் விளக்கம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நானாக இருந்தால் சம்மதிப்பேன். உலகத்தின் மரபணுத் தகவல் தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதனால் நம்மவர் ரிப்போர்ட்டில் ஏதாவது மாற்றம் தெரிந்தால், அது கெடுதலா இல்லையா என்று சொல்ல முடியாமல் பல நேரம் தடுமாறுகிறார்கள்.

கடைசியாக, அம்மா. இது அப்பா வழியிலும் வந்திருக்கலாம், அம்மா வழியிலும் வந்திருக்கலாம். பரிசோதனை செய்தால் தன்னிடமிருந்துதான் போனது என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கலாம். எங்கள் மாமா அதை நினைத்து நினைத்தே பாதியாகிவிட்டார். அதனால் தங்கையை மரபணு ஆலோசகரிடம் அழைத்துப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர் வழியில் வந்திருந்தால் அவருக்கும் ஆபத்து இருக்கிறது, அவரையும் டாக்டர் பார்க்க வேண்டும்.