ஷட்டில் அகாடமியில் ஒரு மாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் தேர்வு எழுதி முடித்திருக்கிறேன். விளையாட்டு நிர்வாகம் படிக்க ஆசை. ஐபிஎல் அணி ஒன்றின் அலுவலகத்துக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. வீட்டருகே உள்ள ஷட்டில் அகாடமியில் மே மாதம் முழுக்க வரச் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் அங்கே பதினைந்து வயதுக்குட்பட்டோர் போட்டி நடக்கிறது. “தண்ணி கேன் தூக்கவும் சேர் போடவும் ஆள் தேடுறாங்க, அதுக்கு டியூஷன் போகலாம்” என்கிறார் அப்பா. போனால் பயன் உண்டா ஐயா? என்ன வேலை கேட்டு வாங்குவது?

ம., மதுரை

அன்புள்ள ம.,

போங்கள். ஐபிஎல் அலுவலகத்தைவிட உங்களுக்கு இதுதான் நல்ல இடம். ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அணிகளின் வருமானத்தில் பெரும்பங்கு கிரிக்கெட் வாரியம் அதிலிருந்து பிரித்துக் கொடுப்பதுதான். அந்தக் கணக்கில் ஒரு தாள்கூட பள்ளி மாணவர் கைக்கு வராது. அகாடமியிலோ மாதக் கட்டண நோட்டு, கரண்ட் பில், ஷட்டில் பில் எல்லாம் ஒரே மேஜையில் கிடக்கும்.

சேர் போடச் சொல்வார்கள்தான். போட்டி நாளில் கோச்சும் போடுவார், நீங்களும் போடுங்கள். அதோடு நின்றுவிடாமலிருக்க, முதல் நாளே ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். சிறுவர் ஒற்றையர் பிரிவு ஒன்று போதும். என்ட்ரி வாங்குவதிலிருந்து கணக்கு முடிப்பதுவரை அது உங்களுடையது.

முதல் தலைவலி பெயர்கள். ‘ர. கார்த்திக்’ என்று கோச் அனுப்புவார். ‘கார்த்திக் ரமேஷ்’ என்று அப்பா தனியாக அனுப்புவார். இரண்டும் ஒரே பையன். பெயரை வைத்துத் தேடினால் சிக்காது. பிறந்த தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள், ஒரே தேதி இரண்டு முறை வந்தால் போன் செய்து கேளுங்கள். டிரா, அதாவது யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல், வெளியான பிறகு தெரிந்தால் ஒரு இடத்தை வாக்ஓவர் (ஆடாமலே எதிராளிக்கு வெற்றி) ஆக்க வேண்டும், இல்லையென்றால் டிராவை மறுபடி போட வேண்டும். எதைச் செய்தாலும் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.

பணத்திலும் இதே கதை. ஸ்கிரீன்ஷாட் வந்தால் பணம் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பன்னிரண்டு இலக்க யுபிஐ எண்ணுக்குத் தனிப் பத்தி போட்டு, தினமும் மாலை வங்கி அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பணம் தாத்தா பெயரிலோ அத்தை பெயரிலோ வந்திருக்கும். பாடத்தில் படித்த வங்கிச் சரிகட்டும் பட்டியல் எதற்கென்று அப்போது புரியும்.

அடுத்தது டிரா. 46 பேர் என்று வைத்துக்கொள்வோம். நாக்அவுட்டில் ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுவதால் மொத்தம் 45 ஆட்டங்கள். சுற்றுக்குச் சுற்று ஆட்கள் பாதியாக வேண்டும் என்பதால் டிரா 64-க்குப் போட வேண்டும். 18 பேருக்குப் பை, அதாவது முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்று. முதல் சுற்றில் 14 ஆட்டம், பிறகு 16, 8, 4, 2, 1. நான்கு கோர்ட், ஆட்டத்துக்கு அரை மணி என்றால் 45-ஐ நான்கால் வகுத்து ஆறு மணி நேரத்தில் முடியும் என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். தப்பு இங்கேதான். சுற்று சுற்றாக எண்ணினால் பதின்மூன்று அரை மணிகள், ஆறரை மணி நேரம். அரையிறுதியில் இரண்டு கோர்ட் சும்மா கிடக்கும், இறுதியில் மூன்று. பை கிடைக்காத பையன் இறுதிக்கு வந்தால் அவனுக்கு அன்று ஆறாவது ஆட்டம். அவனுக்கு ஓய்வு வேண்டும். அவனே இரட்டையரிலும் இருந்தால் அட்டவணை நொறுங்கும். ஆகவே காலிறுதியோடு நிறுத்தி, மிச்சத்தை மறுநாள் வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

இனி ஷட்டில். இந்தத் தொழிலின் பணம் எங்கே போகிறது என்பதை இதில்தான் பார்க்கலாம். என்ட்ரி 500 ரூபாய் என்றால் 46 பேருக்கு 23,000. ஆட்டத்துக்கு மூன்று இறகு ஷட்டில், ஆக 135. டியூபுக்குப் பன்னிரண்டு வீதம் பன்னிரண்டு டியூப் வாங்க வேண்டும். டியூப் 1,800 என்று வைத்தால் 21,600. கையில் மிச்சம் 1,400 ரூபாய். அம்பயர், கோப்பை, தண்ணீர், முதலுதவி எல்லாம் இன்னும் பாக்கி. ஸ்பான்சர் இல்லாமல் போட்டி ஏன் நடக்காது என்பதை இந்தக் கணக்கை நீங்களே எழுதிப் பார்த்தால்தான் உணர்வீர்கள்.

ஷட்டிலின் வேக எண்ணையும் கவனியுங்கள். சூட்டில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஷட்டில் வேகமாகப் பறக்கும். குளிர்காலத்தில் சரியாக விழுந்த 77, மே மாதத்தில் கோட்டைத் தாண்டும். அதைவிட வேகம் குறைந்த 76, 75 இரண்டையும் வாங்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். பின் எல்லைக் கோட்டின் மேல் நின்று, பக்கக் கோட்டுக்கு இணையாக, கீழிருந்து மேல்நோக்கி முழு வீச்சில் அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பின் கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் வேகம் சரி. ஆட்டத்தின்போது ஃபேன் போட முடியாது, ஷட்டில் திசைமாறும். அதனால் சோதனையையும் ஃபேனை நிறுத்திவிட்டே செய்ய வேண்டும். இறகு காய்ந்திருந்தால் நாலு அடியில் ஒடியும். முந்தைய நாளே டியூபைத் திறந்து லேசாக ஆவி காட்டி மூடி வைப்பது கோச்சுகளின் வழக்கம். தவறான எண்ணில் பன்னிரண்டு டியூப் வாங்கிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.

ஸ்பான்சரிடம் போகும்போது எத்தனை குழந்தைகள், கூட வரும் பெற்றோர் எத்தனை மணி நேரம் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள், பேனர் எந்தச் சுவரில் வரும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். போட்டி முடிந்த வாரமே பேனர் படத்தையும் வந்தவர் எண்ணிக்கையையும் அனுப்புங்கள். பல இடங்களில் இதை யாரும் செய்வதில்லை, அடுத்த வருடம் அந்த ஸ்பான்சர் போனை எடுப்பதில்லை. சிலர் பெற்றோரின் போன் எண் பட்டியலைக் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. பிறப்புச் சான்றிதழ்கள் உங்கள் சொந்த வாட்ஸ்அப்பில் கிடக்கவே வேண்டாம். அகாடமி கணினியில் சரிபார்த்ததும் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

உங்களுக்கும் 18 ஆகவில்லை. வேலை செய்யும் வளரிளம் பருவத்தினருக்கு ஓய்வோடு சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை இல்லை, இரவு ஏழு முதல் காலை எட்டு வரை வேலை கூடாது என்பது சட்டத்தின் வரம்பு. இன்டர்ன்ஷிப்புக்கும் அதையே அளவாக வையுங்கள். போட்டிகள் இரவு பத்து வரை இழுக்கும். ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேதி, நேரம், யாருக்குக் கீழே வேலை, எந்தப் பொறுப்பு ஆகிய நான்கும் ஒரு கடிதத்தில் வரட்டும். அதை அப்பாவிடம் காட்டுங்கள்.

சான்றிதழை மாதக் கடைசிக்கு முன்பே கேளுங்கள், போட்டி முடிந்ததும் எல்லோரும் ஓய்ந்துபோய்விடுவார்கள். ‘நன்னடத்தையுடன் பணியாற்றினார்’ என்ற வரி மட்டும் போதாது. இத்தனை என்ட்ரிகளைச் சரிபார்த்தார், டிராவும் அட்டவணையும் தயாரித்தார், வரவு செலவுக் கணக்கை முடித்தார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.