எல்லாமே ‘கேஸ்ட்ரிக்’ இல்லை: வயிறு பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்கள் பலவும் “எனக்குக் கேஸ்ட்ரிக்” என்றே தொடங்குகின்றன. அது நோயின் பெயர் அல்ல. வலி எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதைச் சாப்பிட்ட பிறகு வருகிறது, எதனால் அடங்குகிறது என்று சொன்னால்தான் நோய் பிடிபடும். அப்படி விவரமாக எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு 44 வயது. நான்கு வருடமாக மேல்வயிற்றில் எரிச்சல். பசித்தால் கூடும், சாப்பிட்டால் அடங்கும். இரவு 2 மணிக்கு எழுப்பிவிடும். ஓமெப்ரசோல் சாப்பிடும்வரை நன்றாக இருக்கிறது, நிறுத்தினால் திரும்பிவிடுகிறது. — வாசகி, செந்தூல்

நீங்கள் சொல்லும் நேரக்கணக்கே நல்ல தடயம். இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில் புண் இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான்: பசியில் வலிக்கும், சோறு இறங்கினால் தணியும், நடுச்சாமத்தில் தூக்கம் கலையும். மிளகாயும் கவலையும் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் புண்ணை உண்டாக்குவது அநேகமாக இரண்டில் ஒன்று: ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது வலி மாத்திரை.

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1980களில் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அதைப் பொய்யாக்கினார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு வாழ்கிறது. மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இது அதிகம் காணப்பட்டிருக்கிறது. ஆகவே நம் வீட்டில் ஒருவருக்கு நான்கு வருடம் எரிச்சல் நீடிக்கும்போது இதைத் தேடாமல் விடுவது தவறு.

ஓமெப்ரசோல் அமிலத்தைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. அதனால்தான் நிறுத்தியதும் வலி திரும்புகிறது. மூச்சுப் பரிசோதனை கேளுங்கள். பையில் ஒருமுறை ஊதி, யூரியா கலந்த மருந்தைக் குடித்து, சுமார் அரை மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முந்தைய 2 வாரம் ஓமெப்ரசோல் கூடாது, 4 வாரம் ஆன்டிபயாட்டிக் கூடாது. மறந்துவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். இடையில் எரிந்தால் அமிலத்தை முறிக்கும், பாட்டிலில் வரும் வெள்ளை மருந்தை நன்றாகக் குலுக்கிக் குடித்துச் சமாளிக்கலாம்.

கிருமி இருந்தால் வழக்கமான சிகிச்சை 14 நாள்: அமோக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம், கூடவே ஓமெப்ரசோல், எல்லாம் காலையும் இரவும். வாய் கசக்கும், வயிறு கொஞ்சம் இளகும். ஐந்தாம் நாள் வலி நின்றுவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிழைத்த கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர் அதையும் சொல்லியே ஆக வேண்டும். கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் அது தசையைச் சிதைக்கக்கூடும். சிகிச்சை முடிந்து 4 வாரமாவது கழித்து மறுபடி ஊதிப் பார்த்தால்தான் கிருமி போனதா என்று தெரியும்.

இன்னொன்று, ஓமெப்ரசோலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குகிறவர்கள் நிறையப் பேர். சாப்பாடு இறங்கும்போதுதான் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலையைத் தொடங்கும். அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். எனவே பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு எடுங்கள். கேப்சூலைத் திறந்தால் பூச்சு போட்ட குட்டி உருண்டைகள் தெரியும். அதை மென்றால் பூச்சு உடைந்து, இரைப்பையிலேயே மருந்து கெட்டுவிடும்.

கணவர் வேலை முடிந்து இரவு 10.30க்குத்தான் நாசி கண்டார் வாங்கிச் சாப்பிடுவார். படுத்ததும் நெஞ்சு எரிகிறது, புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது, வறட்டு இருமல் வேறு. — வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

இது புண் அல்ல, எதுக்களிப்பு. உணவுக்குழாயின் அடியில் உள்ள வளையத் தசை சரியாக மூடாதபோது அமிலம் மேலேறுகிறது. குழம்பு வெள்ளமாக ஊற்றிய சோறும் பொரித்த கோழியும் இரைப்பையில் நெடுநேரம் தங்கும். எண்ணெய் அந்தத் தசையையும் தளர்த்தும். உடனே படுத்தால் புவியீர்ப்பின் உதவியும் போய்விடும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். அது முடியாவிட்டால் பெரிய சாப்பாட்டை மாலை 6 மணிக்கே வேலையிடத்தில் முடித்துக்கொண்டு, வீட்டில் ஓட்ஸோ இட்லியோ போதும். தலையணைகளை அடுக்காதீர்கள், வயிறு மடிந்து அழுத்தம் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் கட்டை வையுங்கள். இடப்பக்கம் படுப்பதும் உதவும். இடுப்பு பெருத்திருந்தால் ஐந்தாறு கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

விழுங்கும்போது உணவு சிக்கினாலோ எடை தானாகக் குறைந்தாலோ தாமதிக்காமல் எண்டோஸ்கோப்பி (வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும். நெஞ்செரிச்சலோடு வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது ‘கேஸ்ட்ரிக்’ இல்லை, 999க்கு அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் வயிற்றெரிச்சலாகக்கூட வரும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. மெஃபெனாமிக் ஆசிட் என்ற வலி மாத்திரை சாப்பிடுகிறார், சந்தையில் வாங்கிய ஜாமு (மலாய் மூலிகை மருந்து) மாத்திரையும் எடுக்கிறார். மூன்று நாளாக மலம் கறுப்பு. இரும்புச்சத்து மாத்திரையால் என்கிறார். — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் கரும்பச்சையாக, கட்டியாக இருக்கும். தார் மாதிரி பளபளத்து, ஒட்டிக்கொண்டு, கழிப்பறையே தாங்காத நாற்றம் அடித்தால் அது மேல்வயிற்றில் கசிந்த இரத்தம். தலைசுற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்கும் விஷயம் அல்ல. மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

“சாப்பிட்டுவிட்டுத்தானே மாத்திரை போடுகிறேன்” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வயிறு நிறைந்திருந்தால் உறுத்தல் குறையுமே தவிர, புண் தடுக்கப்படாது. இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருள் சுரப்பதை இந்த வகை வலி மாத்திரைகள் இரத்தத்தின் வழியே தடுக்கின்றன. ஜாமு இன்னும் ஆபத்து. பதிவு பெறாத சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயது 53. மலம் கழிக்கும்போது சிவப்பு இரத்தம் சொட்டுகிறது, வலி இல்லை. மூலம்தானே? — வாசகர், பட்டர்வொர்த்

மூலமாக இருக்கலாம். உள்மூலம் வலிக்காமல்தான் இரத்தம் சொட்டும். கத்தியால் கீறியது போல வலித்தால் ஆசனவாய் வெடிப்பு. ஆனால் 53 வயதில் “மூலம்தான்” என்று பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது, பெருங்குடல் புற்றுநோயும் இப்படியே தொடங்கலாம். அரசு சுகாதார கிளினிக்குகளில் 50 முதல் 75 வயதுக்காரர்களுக்குச் செய்யும் மறை இரத்த மலப் பரிசோதனை, எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானது. உங்களுக்குக் கண்ணுக்கே இரத்தம் தெரிகிறது, கேட்க வேண்டியது கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட மாதங்களைத் திரும்பப் பெற முடியாது ஐயா.

மூலம் என்றே தெரிந்தால்: இசப்கோல் என்ற நார்ச்சத்து ஒரு தேக்கரண்டி, முழுக் குவளைத் தண்ணீரில். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். கழிப்பறையில் கைப்பேசி வேண்டாம், 5 நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி. 48 நாள் ஒருவேளைச் சாப்பாடு. அல்சர் வருமா? — வாசகர், ஜெலுத்தோங்

விரதம் அல்சரை உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கும் புண்ணை வலிக்க வைக்கும். எனவே எரிச்சல் உள்ளவர்கள் விரதம் தொடங்கும் முன்பே கிருமிச் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் கறுப்புக் காப்பியும் தேத்தண்ணியும் வேண்டாம். பால் குடித்தால் சற்று இதமாக இருக்கும், பிறகு அமிலம் மேலும் சுரக்கும். அந்த ஒரு வேளையை மோர், பழம் என்று மெல்லத் தொடங்கி, கால் மணி நேரம் கழித்துச் சோற்றுக்கு வாருங்கள். நீரிழிவுக்கு கிளிக்லசைடோ இன்சுலினோ எடுப்பவர் பழைய அளவிலேயே விரதம் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.