முதலில் இரண்டாவது சார்ஜரைத் தேடுங்கள்: மின்சாரக் கார் கேள்வி பதில்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: நெக்ஸான் மின்சாரக் கார் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது, 45 யூனிட் பேட்டரி. பொங்கலுக்குத் திருநெல்வேலி போக வேண்டும். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயது அம்மா. "நடுரோட்டில் நின்றுவிட்டால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், பேசாமல் ரயிலில் போங்கள்" என்கிறார் மைத்துனர். வண்டி 489 கிலோமீட்டர் ஓடும் என்று கம்பெனி சொல்கிறதே, எங்கெங்கே நிறுத்தி சார்ஜ் போடுவது?

தாராளமாகப் போகலாம். முதலில் அந்த 489ஐ மறந்துவிடுங்கள். அது சோதனைக்கூடத்தில் வந்த கணக்கு. நெடுஞ்சாலையில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டி, ஏசி, 80-90 வேகம் என்றால் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்று வையுங்கள். 100 சதவீதத்தில் கிளம்பி 15 வரை இறக்கினால் சுமார் 250 கிலோமீட்டர். வழியில் 80 வரைதான் ஏற்றுவோம் என்பதால், அடுத்தடுத்த கட்டங்களில் 190. தாம்பரத்திலிருந்து நெல்லை ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இரண்டு முறை நிறுத்தினால் கணக்குக்குச் சரியாக வரும், ஆனால் அம்மாவும் பிள்ளைகளும் இருக்கும்போது மூன்று முறை என்றே திட்டமிடுங்கள். காலை டிபனுக்கு உளுந்தூர்பேட்டை, மதியச் சாப்பாட்டுக்குத் திருச்சி, மாலைக் காபிக்கு மதுரை. எப்படியும் இறங்கி நிற்கப்போகிற இடங்கள்தானே இவை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் "எங்கே சார்ஜ் போடுவது" என்று கேட்கிறார்கள். அந்தச் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அடுத்தது எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் உளுந்தூர்பேட்டைக்கு வரும்போது பேட்டரியில் 40 சதவீதம் மிச்சம் இருக்கும். "இவ்வளவு இருக்கும்போதே ஏன் நிற்க வேண்டும்" என்று தோன்றும். நில்லுங்கள். அங்கே மின்வெட்டு, வரிசை, பழுது என்று எது இருந்தாலும் பெரம்பலூர் வரை பதறாமல் போகலாம். 12 சதவீதத்தோடு போய் அதே பழுதைப் பார்த்தால்தான் மைத்துனர் சொன்னது நடக்கும்.

எனக்கு அது நடந்திருக்கிறது. ஒரு ராத்திரி, திருச்சிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் சார்ஜர், திரை கறுப்பாகக் கிடந்தது. என் வண்டியில் 14 சதவீதம், அடுத்த சார்ஜர் 55 கிலோமீட்டரில். காவலுக்கு இருந்த பெரியவர்தான் டார்ச் அடித்துக் காட்டினார். சார்ஜரின் பக்கவாட்டில் காளான் மாதிரி ஒரு சிவப்பு பொத்தான், அதை யாரோ அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவசரத்துக்கு மின்சாரத்தை நிறுத்துகிற பொத்தான் அது. அமுக்கினால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அம்புக்குறி இருக்கிற பக்கம் திருகினால் டக்கென்று வெளியே வரும். திருகினோம். இரண்டு நிமிடத்தில் திரை எரிந்தது. அன்றிலிருந்து செத்துக் கிடக்கும் சார்ஜரைப் பார்த்தால் முதலில் அந்தப் பொத்தானைத்தான் பார்க்கிறேன். பக்கத்தில் புகை, கருகல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு நீங்களும் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் சார்ஜரில் ஒட்டியிருக்கும் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், பல சார்ஜர்களை அங்கிருந்தே அணைத்துத் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

சார்ஜரில் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும், ஆனால் இரண்டு கன் (காரில் மாட்டுகிற பிளக்) தொங்கும். பக்கத்தில் இன்னொரு கார் மாட்டினால் பல இடங்களில் ஆளுக்கு 30தான். 40 நிமிடம் என்று நினைத்தது ஒரு மணி நேரம் தாண்டிவிடும், பொங்கல் நேரத்தில் இது கட்டாயம் நடக்கும். அப்போதும் 80 வந்ததும் எடுத்துவிடுங்கள். பேட்டரி நிறைய நிறைய கரன்ட் குறைந்துகொண்டே போகும், கடைசி 20 சதவீதத்துக்காக நிற்பது உங்களுக்கும் நஷ்டம், பின்னால் நிற்கிறவருக்கும் நஷ்டம்.

இன்னும் சில. நடுவே தடுப்புச் சுவர் உள்ள சாலை என்பதால் சார்ஜர் உங்கள் பக்கம் இருக்கிறதா, எதிர்ப்பக்கமா என்று மேப்பில் பெரிதாக்கிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால் எங்கே திரும்புவது என்பதும் கணக்கில் வர வேண்டும். சார்ஜர் நடத்துகிற டாடா பவர், சியான், ஸ்டேட்டிக் கம்பெனிகளின் ஆப்களை வீட்டிலேயே இறக்கி, பணம் போட்டு, ஒரு தடவை உள்ளூரில் சோதித்து வையுங்கள். வெயிலில் நின்றுகொண்டு ஓடிபி வருமா வராதா என்று பார்க்கிற வேலை வேண்டாம். சார்ஜ் போட்டவர்கள் பதிவு போடுகிற ஆப்பான பிளக்‌ஷேரில் கடைசியாக யார், எந்தத் தேதியில் சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். ஒரு மாதமாக யாரும் போடவில்லை என்றால் அந்த இடத்தை நம்பாதீர்கள்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புங்கள். உங்கள் அம்மாவுக்கு இந்தப் பயணம் சுகமாக அமைய வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

செங்கல்பட்டு வாசகி: பண்டிகை நாளில் பரனூர் டோலில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டால் பேட்டரி இறங்கிவிடுமா?

நிற்கும்போது மோட்டாருக்கு வேலையில்லை. ஏசிக்கு மணிக்கு ஒரு யூனிட், நல்ல வெயிலில் ஒன்றரை. இரண்டு மணி நேரத்துக்கு மூன்று யூனிட்டைத் தாண்டாது. ஏசியை அணைத்துக் குழந்தைகளை வேகவைக்காதீர்கள், தயவுசெய்து. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேகத்தில் பிடியுங்கள். 100ல் போகும்போது காற்று எதிர்த்துத் தள்ளுவது 80ல் போவதைவிட ஒன்றரை மடங்கு.

கோவை வாசகர்: 38 யூனிட் வண்டி. ஊட்டிக்கு ஏறிவிடுமா?

ஏறும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரை ஒட்டி, ஊட்டி 2,240 மீட்டர். ஆட்களும் பெட்டியும் சேர்த்து 1,900 கிலோ என்றால் அந்த உயரத்துக்குத் தூக்கவே பத்து யூனிட் வேண்டும், சாலையில் உருளுவதற்கு இன்னொரு ஆறேழு. உங்கள் பேட்டரியில் 45 சதவீதம் போய்விடும். மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்போது 70 சதவீதமாவது இருக்கட்டும்.

இறங்கும்போதுதான் பலர் தப்பு செய்கிறார்கள். ஊட்டி ஓட்டலில் ராத்திரி முழுக்க மாட்டி 100 ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். நிறைந்த பேட்டரி, இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அப்போது ரீஜென் (மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிக்கொண்டு வண்டியின் வேகத்தைக் குறைப்பது) பிடிக்காது, மலை முழுக்க சாதாரண பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டும், அது சூடாகிவிடும். 80-85ல் நிறுத்திவிட்டு, ரீஜெனைக் கூட்டி வைத்து இறங்குங்கள். கீழே வரும்போது நாலைந்து யூனிட் திரும்பி வந்திருக்கும், முதல் தடவை அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும்.

சிவகங்கை மாவட்ட வாசகர்: கிராமத்து வீட்டில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது. காரோடு வந்த சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்குதான் எரிகிறது. சார்ஜர் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் சார்ஜர் நன்றாகத்தான் இருக்கும், வீட்டில் எர்த் சரியில்லை. ஃபேனும் மோட்டாரும் எர்த் இல்லாமலும் ஓடிவிடும் என்பதால் இத்தனை வருடம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கார் சார்ஜர் எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கரன்ட் விடும். என் மாமனார் வீட்டிலும் இதே கதைதான். கொல்லைப்புறத்தில் பழைய எர்த் குழி காய்ந்து கிடந்தது, கம்பி துருப்பிடித்து கையோடு வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் புதிதாகக் குழி எடுத்து, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார். சாயங்காலம் மாட்டினோம், பச்சை எரிந்தது.

எர்த்தை ஏமாற்றுகிற குறுக்குவழி ஒன்று உண்டு, சில எலக்ட்ரீஷியன்களே அதைச் செய்து தருவார்கள். சம்மதிக்காதீர்கள், காரைத் தொடுகிற குழந்தைக்கு ஷாக் அடிக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது, ராத்திரி முழுக்க 13, 14 ஆம்பியர் இழுத்தால் அது உருகிவிடும். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன் இழுத்துப் போடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மாட்டினால் காலை ஆறுக்குள் சுமார் 30 யூனிட் ஏறியிருக்கும். திரும்பி வருகிற பயணத்துக்கு முதல் 170, 180 கிலோமீட்டர் அதிலேயே ஆகிவிடும்.