அருகருகே இருக்கும் மருத்துவமனைகள் சேர்ந்து செயல்பட்டால் மருத்துவமனைத் தொற்று உண்மையிலேயே குறையுமா?

குறையும். நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், ஏதோ ஒரு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் இருக்கிறீர்கள், "நம்ம தொற்றுக் கணக்கை அடுத்தவங்ககிட்ட எதுக்குக் காட்டணும்" என்று மேலிடம் தடுக்கிறது என்று தோன்றுகிறது. நான் பல வருடங்களாகத் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். இந்தப் பதிலை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஒரு பெரியவர் வேறொரு மருத்துவமனையிலிருந்து வென்டிலேட்டரோடு எங்கள் ஐசியூவுக்கு வந்தார். கூட வந்த கடிதத்தில் மருந்துப் பட்டியல், ஸ்கேன், ரத்த அழுத்தம் எல்லாம் இருந்தன. கார்பபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கே அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா அவர் உடம்பில் இருப்பது மட்டும் இல்லை. நாங்கள் அனுப்பிய கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வருவதற்குள் அடுத்த கட்டில் நோயாளியின் சிறுநீரிலும் அதே கிருமி. போய்ப் பார்த்தால், சிறுநீர் அளக்கும் ஜக் ஒன்றுதான். இரண்டு கட்டிலுக்கும் அதுவே போய் வந்துகொண்டிருந்தது. அந்த மருத்துவமனையின் லேபுக்குப் போன் போட்டேன். "அந்த ரிசல்ட் போன வாரமே வந்துடுச்சே சிஸ்டர், யாரும் கேக்கலையே" என்றார்கள்.

அப்புறம் அங்கே இருந்த நர்சும் நானும் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் ஒரு போன், கோப்பின் மேலே ஒரு தாள்: என்ன கிருமி, எந்த ஆன்டிபயாடிக், சென்ட்ரல் லைனும் (பெரிய ரத்தக் குழாயில் போடும் டியூப்) சிறுநீர்க் குழாயும் போட்ட தேதி. நோயாளி வருவதற்குள் தனி அறை, தனி ஜக், தனி ஸ்டெத்தாஸ்கோப் தயாராக இருக்கும். பெயர் கெட்டுவிடும் என்று அவர்கள் நிர்வாகம் கொஞ்ச நாள் அதை நிறுத்தியும் வைத்தது.

"முதல்ல கையைக் கழுவச் சொல்லுங்க" என்று யாராவது கீழே எழுதுவார்கள். கழுவத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கிருமி எந்தக் கட்டிலில் இருக்கிறது என்றே தெரியாமல் எவ்வளவு காலம் சமாளிப்பது? இஸ்ரேலில் இதே கிருமி பரவியபோது 2007-ல் எல்லா மருத்துவமனைகளும் ஒரே மையத்துக்குத் தகவல் கொடுத்து, நோயாளிகளைத் தனிமைப்படுத்தின. லட்சம் நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) 55.5 பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது என்று இருந்த மாதக் கணக்கு அடுத்த ஆண்டு மே மாதம் 11.7 ஆனது. அமெரிக்காவின் மிச்சிகனில் நூற்றுக்கு மேற்பட்ட ஐசியூக்கள் ஒரே செக்லிஸ்ட்டோடு, கணக்கைப் பகிர்ந்துகொண்டு, சென்ட்ரல் லைன் தொற்றை 66 சதவீதம் வரை குறைத்தன. டாக்டர் அந்தச் செக்லிஸ்ட்டில் ஒரு படியை விட்டால் நர்ஸ் நிறுத்தச் சொல்லலாம் என்பதும் அங்கே விதி. எங்களில் எத்தனை பேருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது?

இன்னொன்று, கேள்விக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கட்டில் கம்பியைத் துடைக்கிறவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். பயிற்சிக் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுவதே இல்லை. நானாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால், கற்றுக்கொண்ட ஆளைக் கான்ட்ராக்டர் அடுத்த மாதமே வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறார். எழுதிக் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

நீங்கள் மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திருக்கும்போதே, உங்களுக்கு அதிகம் நோயாளிகளை அனுப்பும் மருத்துவமனையின் லேப் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.