திருப்பத்தில் பின்னால் ‘டொக்’: டிஃபரன்ஷியலைப் பிரிப்பதற்கு முன்

வணக்கம் நண்பரே. உங்கள் பொலேரோ நேராக ஓடும்போது அமைதியாக இருக்கிறது, திரும்பினால் மட்டும் பின்பக்கம் ‘டொக்’ என்கிறது, மெக்கானிக் டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) இறக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பின்னால் கிடக்கும் ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் காலி மைதானத்தில் மெதுவாக வட்டம் போடுங்கள்: ஒருமுறை ஆக்சிலரேட்டர் கொடுத்து, இன்னொருமுறை நியூட்ரலில் உருளவிட்டு. நியூட்ரலிலும் அதே சத்தம் அதே அளவில் வந்தால் என் சந்தேகம் பின் ஆக்சிலைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் பக்கம்தான். திரும்பும்போது பாரம் ஒரு பக்கம் சாய்வதால், ஷாக்கிளில் (ஸ்பிரிங் முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) இருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் அங்கேதான் இடிக்கும். கடப்பாரையால் ஷாக்கிளை நெம்பிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்துவிடும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளையும் பாருங்கள். நட்டைச் சுற்றிச் செந்தூள் போலத் துரு கசிந்திருந்தாலோ, பட்டையில் உரசிய பளபளப்பு இருந்தாலோ அது தளர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டாதீர்கள், ஆக்சில் இடம் நகர்ந்துவிடும். பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கீழே வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் சத்தம் என்றால் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். டிஃபரன்ஷியலுக்கு உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர்கள் என்ற சிறு பற்சக்கரங்கள் திருப்பத்தில்தான் தம் அச்சில் சுழலும். அப்போதும் முதலில் டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்துப் பாருங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய கருஞ்சேறு சகஜம், பல் துணுக்கு வந்தால் பிரிக்கத்தான் வேண்டும்.